கூடங்குளம்: எங்களிட்ட ஆர் கேட்டது?

வரைபடம் ஒன்றை எடுத்து அதில ஒரு அடிமட்டத்தை வைச்சுப் பாருங்கோ. தமிழ்நாட்டின் தென்கோடியில, கன்னியாகுமரிக்குக் கொஞ்சம் கிழக்காக, திருநெல்வேலி மாவட்டக் கரையில கூடங்குளம் இருக்கு. அங்கிருந்து சென்னை ஏறத்தாழ 600 கிலோமீற்றர். அதே இடத்திலிருந்து நேர் கிழக்கே கடலைக் கடந்தால் கற்பிட்டி 230 கிலோமீற்றருக்கும் குறைவு. மன்னார் நகரம் 260 அளவில. கொழும்பு 275 அளவில. யாழ்ப்பாணம் 300 அளவில. அதாவது தமிழ்நாட்டின் தலைநகரை விட எங்கட நாட்டின் தலைநகரம் அந்த அணுஉலைகளுக்குக் கிட்ட இருக்கு.

இப்ப அங்க 1000 மெகாவாற் உலைகள் இரண்டு ஓடுது. இன்னும் நாலு உலைகளின் கட்டுமான வேலை தொடங்கிப் பல வருசம். ஆனாலும் கூடங்குளம் எண்ட பேரைக் கேட்டால் எங்களில கனபேருக்கு அது "இந்தியாவில நடந்த ஒரு போராட்டம்" மட்டும்தான். 2011, 2012 காலத்துத் தொலைக்காட்சிச் செய்தி, கடலுக்குள்ள இறங்கி நிண்ட பெண்கள், சில சினிமாக்காரரின் அறிக்கைகள். அதுக்கு மேல பெரிசா ஞாபகம் இல்லை.

அந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதுறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் பிடிச்சுக்கொள்ளுவினம்: உலை வெடிக்குமா, வெடிக்காதா? விஞ்ஞானி ஒருவர் வெடிக்காது எண்டுவார், செயற்பாட்டாளர் ஒருவர் வெடிக்கலாம் எண்டுவார், கதை அதோட முடிஞ்சிடும். ஆனால் முப்பது வருச வரலாற்றை வரிசையா வைச்சுப் பார்த்தால் அந்த ஊர்ச் சனம் கேட்டது இன்னும் எளிமையான கேள்விகள். எங்களுக்கு ஏன் முதலே சொல்லேல்ல? எங்களிட்ட ஏன் கேக்கேல்ல? ஏதும் நடந்தால் ஆர் வந்து சொல்லுவினம்? இந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் கிடைச்சது எண்டு பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

கையெழுத்தும் கடற்கரையும்

1988 நவம்பர் 20. சோவியத் தலைவர் கொர்பச்சேவ் டெல்லிக்கு வந்திருந்தார். ரஜீவ் காந்தி பிரதமர். இரண்டு 1000 மெகாவாற் சோவியத் உலைகளைக் கூடங்குளத்தில அமைக்கிறதுக்கு ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. செர்னோபில் விபத்து நடந்து அப்ப இரண்டரை வருசம்தான். அந்த நேரம் எங்கட வடக்குக் கிழக்கில இந்திய இராணுவம் நிண்டது. சுற்றிவளைப்பும் ஊரடங்கும் நடுவில, அக்கரையில என்ன கட்டப்போகினம் எண்டு யோசிக்க எங்கட சனத்துக்கு எங்க நேரம்?

அக்கரைச் சனத்துக்கு உடனேயே விளங்கியது. இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி எண்டு அந்தக் கரை முழுக்க மீன்பிடிக் கிராமங்கள். கொஞ்சம் உள்ளே போனால் விவசாயிகள், கூலித் தொழிலாளர்கள், வீட்டிலிருந்து பீடி சுத்துற பெண்கள். கன்னியாகுமரி மாவட்ட விவசாயிகளுக்கு வேற ஒரு பயமும் இருந்தது. உலைக்குத் தேவையான நன்னீரைப் பேச்சிப்பாறை அணையிலிருந்து எடுக்கிறது எண்டுதான் முதல் திட்டம். தங்கட வயலுக்கான தண்ணீர் போயிடும் எண்டு அவையள் எதிர்த்தார்கள். பிறகு கடல்நீரை நன்னீராக்கும் ஆலையை அமைப்பதாகத் திட்டம் மாறியது. சனம் சத்தம் போட்டால் திட்டம் மாறும் எண்டதுக்கு இது ஒரு சின்ன ஆதாரம்.

1989 மே 1 அன்று கன்னியாகுமரியில பெரிய பேரணி ஒன்று நடந்தது. இந்தியாவின் கிழக்குக் கரையிலிருந்தும் மேற்குக் கரையிலிருந்தும் ஒரு மாதமாக ஊர் ஊராக வந்த மீனவர் பயணம் அங்கதான் முடிஞ்சது. தேசிய மீனவர் பேரவை ஒழுங்குசெய்த அந்தப் பயணத்தின் கருப்பொருள், தண்ணீரைக் காத்தால்தான் உயிரைக் காக்கலாம் எண்டது. கடைசி நாளில பொலிஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் காயப்பட்டார்கள்.

இதை எங்கட மீனவ ஊர்களைச் சேர்ந்தவர்கள் கொஞ்சம் கவனமாப் பார்க்கவேணும். இழுவைப்படகு எண்டாலே எங்களுக்கு இந்தியா எண்டுதான் நினைவு வரும். அதில நியாயமும் இருக்கு. ஆனால் அந்தப் பேரவையில இருந்தவர்கள் இழுவைப்படகுக்கு எதிராக இந்தியாவுக்குள்ளேயே வருசக்கணக்காப் போராடிய சிறு மீனவர்கள். கடலடியை வழிச்செடுக்கிற படகும், சூடான தண்ணீரைக் கடலுக்குள்ள விடுற ஆலையும் அவையளுக்கு ஒரே வழக்கின் இரண்டு பக்கங்கள்.

கேட்கப்படாத கருத்து

1991 இல ரஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில கொல்லப்பட்டார். அதே வருச முடிவில சோவியத் ஒன்றியம் கலைஞ்சது. திட்டம் கிடப்பில கிடந்தது. 1998 ஜூனில, பொக்ரான் அணுகுண்டுச் சோதனை நடந்து ஒரு மாதம் கழிச்சு, ரஷ்யாவோட புதிய உடன்பாடு. 2002 மார்ச்சில கொங்கிறீற் போடத் தொடங்கினார்கள்.

இங்க ஒரு சட்ட நுணுக்கம் இருக்கு. இந்தியாவில பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய அறிவித்தல் 1994 இலதான் வந்தது. அதுக்குப் பிறகு, சனத்தைக் கூப்பிட்டுக் கருத்துக் கேக்கிற நடைமுறையும் வந்தது. கூடங்குளத்துக்கு 1989 இலேயே சுற்றாடல் அனுமதி கொடுத்திருந்தார்கள். அந்தப் பழைய அனுமதி இன்னும் செல்லுபடியாகும் எண்டு சொல்லி 2002 இல கட்டுமானத்தைத் தொடங்கினதால, முதலாம் இரண்டாம் உலைகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடக்கவே இல்லை. 2007 ஜூனில நடந்த கருத்துக்கேட்பு 3 தொடக்கம் 6 வரையான உலைகளுக்கானது. அதுக்கிடையில முதல் இரண்டு உலைகளும் பாதிக்கு மேல எழும்பியிட்டுது.

நடுவில 2004 டிசம்பர் 26. சுனாமி எங்கட கிழக்கையும் முல்லைத்தீவையும் அடிச்ச அதே நாள், சென்னைக்குத் தெற்கே இருக்கும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர்ப் பம்பு அறைக்குள்ளயும் தண்ணீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பா நிப்பாட்டினார்கள். உலைக்கு ஒண்டும் நடக்கேல்ல. ஆனால் அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பில சனம் செத்தது. கடல் கரைக்கு ஏறி வரும் எண்டது அதுவரைக்கும் கூடங்குளத்துக்காரர் சொன்ன ஒரு பயம். அண்டைக்குப் பிறகு அதை வெறும் பயம் எண்டு ஒதுக்க முடியாமல் போச்சு.

2011: ஊர் எழும்பியது

2011 மார்ச் 11, புகுஷிமா. சுனாமி அலை தடுப்புச் சுவரைத் தாண்டியது, மின்சாரம் நிண்டது, குளிராக்க வழியில்லாமல் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. 20 கிலோமீற்றர் சுற்றளவில இருந்த சனத்தை வெளியேற்றினார்கள். இடிந்தகரைச் சனம் இதைத் தொலைக்காட்சியில பார்த்தது. அவையளின் வீட்டுக்கும் உலைக்கும் இடையில இருந்தது சில கிலோமீற்றர்தான். சுனாமியில வீடிழந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த குடியிருப்பும் அந்த ஆலைக்குப் பக்கத்திலதான் இருந்தது. இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் சொந்த விதியின்படியே, உலையைச் சுற்றி 5 கிலோமீற்றருக்குள்ள இருக்கிற சனத்தொகை 20,000 ஐத் தாண்டாமல் இருப்பது விரும்பத்தக்கது. தங்கட ஊர்களின் தலைகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு உதைச்சது.

அதே வருசம் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில முதலாம் உலையில எரிபொருள் இல்லாத வெள்ளோட்டம் நடந்தது. நீராவி வெளியேறின பெரிய இரைச்சல் ஊர்களுக்குக் கேட்டது. என்ன சத்தம் எண்டு முன்கூட்டி விளங்கப்படுத்த ஆரும் வரேல்ல. 2011 செப்டெம்பர் 11 தொடக்கம் இடிந்தகரை லூர்து மாதா கோவில் முன்றலில 127 பேர் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்கள். அணுசக்திக்கு எதிரான மக்கள் இயக்கம் அதை நடத்தியது. சுப. உதயகுமார் எண்ட பேர் வெளியில தெரிய வந்தது அப்பதான். ஆனால் பந்தலில நாள்முழுக்க இருந்தவர்களில பெரும்பகுதி பெண்கள். பன்னிரண்டாம் நாள், செப்டெம்பர் 22, சனத்தின் அச்சம் நீங்கும்வரை வேலைகளை நிறுத்தி வைக்கவேணும் எண்டு ஜெயலலிதாவின் அமைச்சரவை தீர்மானம் போட்டது. அது ஒரு வெற்றி. ஆறு மாதம்தான் நிண்டது.

பயத்துக்கு மருந்து

அந்த ஆறு மாதத்தில அரசுகள் என்ன செய்தன எண்டதுதான் எனக்கு இந்த வரலாற்றில மிக முக்கியமான பகுதி.

நவம்பரில அப்துல் கலாம் வந்தார். உலையைச் சுற்றிப் பார்த்து, முழுக்கப் பாதுகாப்பானது எண்டு அறிவிச்சார். வீதி, ஆஸ்பத்திரி, வீடு எண்டு 200 கோடி ரூபா அபிவிருத்தித் திட்டம் ஒன்றையும் முன்வைச்சார். கையெட்டும் தூரத்தில உண்ணாவிரதப் பந்தலில இருந்த சனத்தைச் சந்திக்காமல் திரும்பிப் போனார். 2012 பெப்ரவரியில பிரதமர் மன்மோகன் சிங், வெளிநாட்டு, குறிப்பா அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள்தான் இந்தப் போராட்டத்துக்குப் பின்னால இருக்கு எண்ட மாதிரி ஒரு விஞ்ஞான சஞ்சிகைக்குச் சொன்னார். சனத்தின் பயத்தைப் போக்க பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் உதவியும் நாடப்பட்டது. கேள்வி கேட்டால் கைக்கூலி, இல்லாட்டி நோயாளி.

மாநில அரசு ஒரு நிபுணர் குழுவை அமைச்சது. அதில முக்கியமானவர் எம். ஆர். சீனிவாசன். இந்திய அணுசக்தித் துறையின் மூத்தவர்களில ஒருவர், திறமையை ஆரும் மறுக்கேலாது. ஆனால் 1988 இல அந்த ஒப்பந்தம் கைச்சாத்தான நேரம் இந்திய அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவராக இருந்தவரும் அவரேதான். தான் தொடக்கி வைச்ச திட்டத்தை தானே பரிசோதிச்சுப் பாதுகாப்பு எண்டு சொன்னால் அந்த ஊர்ச் சனம் எப்படி நம்பும்?

2012 மார்ச் 18 சங்கரன்கோவில் இடைத்தேர்தல். மார்ச் 19, அதாவது வாக்களிப்பு முடிஞ்ச மறுநாள், வேலையைத் தொடர அமைச்சரவை அனுமதி கொடுத்தது. ஊர்களுக்குள்ள ஆயிரக்கணக்கில பொலிஸ் இறங்கியது, 144 தடையுத்தரவு வந்தது. ஏப்ரல் 30 அன்று மத்திய தகவல் ஆணைக்குழு, உலையின் பாதுகாப்பு ஆய்வு அறிக்கையையும் அமைவிட மதிப்பீட்டு அறிக்கையையும் சனத்துக்குக் காட்டவேணும் எண்டு உத்தரவு போட்டது. உலையை நடத்தும் அரச நிறுவனம் அறிக்கையைக் காட்டாமல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. பாதுகாப்பு எண்டு சொல்லுற அறிக்கையை, பாதுகாப்புத் தேவைப்படுற சனம் வாசிக்கேலாது.

செப்டெம்பர் 10 அன்று கடற்கரையில கூடியிருந்த சனத்தின் மேல கண்ணீர்ப்புகையும் தடியடியும். அதைக் கண்டிச்சு மணப்பாட்டில போராடின மீனவர் ஒருவர் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில செத்தார். பிறகுதான் நாங்கள் தொலைக்காட்சியில பார்த்த அந்தக் காட்சி: இடுப்பளவு தண்ணீரில கைகோர்த்து நிண்ட சனம். ஆயிரக்கணக்கானோர் மேல தேசத்துரோக வழக்கு. ஒரு சின்னக் கரையோரப் பொலிஸ் நிலையம் இவ்வளவு தேசத்துரோகிகளைக் கண்டுபிடிச்சது எண்டது இந்திய வரலாற்றிலேயே புதினம்.

2013 மே 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி கொடுத்தது. நாட்டின் பெரிய நலனுக்காகச் சிறிய அசௌகரியங்களைப் பொறுக்கவேணும் எண்டது தீர்ப்பின் சாரம். ஆனால் கூடவே 15 பணிப்புரைகளும் வந்தன. அதில ஒன்று, சனத்தின் மேல போட்ட குற்றவழக்குகளைத் திரும்பப் பெற முயற்சிக்கவேணும் எண்டது. அந்த ஜூலையில முதலாம் உலை இயங்கத் தொடங்கியது. 2016 ஜூலையில இரண்டாவது.

உலை ஓடத் தொடங்கிய பிறகு

மற்றப் பக்கத்தையும் சொல்லவேணும். இந்த உலைகள் செர்னோபில் வகை இல்லை. இரட்டைக் கவசக் கட்டடம் இருக்கு, மின்சாரம் நிண்டாலும் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு இருக்கு, உருகின எரிபொருளை ஏந்திப் பிடிக்கிற தொட்டி உலைக்கு அடியில இருக்கு. தமிழ்நாட்டில அப்ப நாளுக்குப் பல மணி நேர மின்வெட்டு. உலை வேணும் எண்டு கேட்ட தொழிலாளரும் மாணவரும் தமிழ்நாட்டிலேயே ஏராளம். நிலக்கரியும் சும்மா எரியிறதில்லை. கூடங்குளத்துக்கு மிகக் கிட்ட இருக்கிற எங்கட கற்பிட்டிக் குடாநாட்டில நுரைச்சோலை நிலக்கரி ஆலை நிக்குது. அதின் சாம்பலைப் பற்றி அங்குள்ள சனத்திட்டக் கேட்டுப் பாருங்கோ. அதால, அணு எண்டாலே வேண்டாம் எண்டு நான் எழுத வரேல்ல.

எனக்குப் பிரச்சினை, நடந்ததை எப்படிச் சொன்னார்கள் எண்டதில. 2014 மே மாதம் ஆலைக்குள்ள சுடுநீர் வெளியேறி ஆறு தொழிலாளர் எரிகாயப்பட்டார்கள். அணுக்கசிவு இல்லை எண்டார்கள், அது உண்மையும்தான். 2019 ஒக்டோபரில ஆலையின் கணினி வலையமைப்புக்குள்ள தீநிரல் புகுந்திட்டுது எண்ட செய்தி பரவியது. முதல் நாள் மறுப்பு. அடுத்த நாளே, ஓம், ஒரு நிர்வாகக் கணினியில இருந்தது, உலையை இயக்கும் அமைப்புக்கும் அதுக்கும் தொடர்பில்லை எண்டு ஒப்புக்கொண்டார்கள். தொடர்பில்லை எண்டது சரியாகவே இருக்கலாம். ஆனால் முதல் நாள் மறுத்தவர்கள் சொல்லுறதை இரண்டாம் நாள் எப்படி அப்படியே நம்புறது?

இக்கரை

செர்னோபில் 1986 ஏப்ரல் 26 அதிகாலை வெடிச்சது. சோவியத் அரசு வாய் திறக்கேல்ல. 28 ஆம் திகதி காலை, 1000 கிலோமீற்றருக்கும் அப்பால சுவீடனில போர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில ஒரு ஊழியரின் சப்பாத்தில கதிர்வீச்சு இருக்கு எண்டு கருவி சத்தம் போட்டது. முதலில தங்கட உலையிலதான் கசிவு எண்டு நினைச்சார்கள். காற்று வந்த திசையைத் தேடிப் பார்த்துத்தான் சோவியத் பக்கம் எண்டு பிடிச்சார்கள். அண்டைக்கு இரவுதான் மொஸ்கோ விபத்தை ஒப்புக்கொண்டது. அண்டை நாடுகளுக்கு உடனே அறிவிக்கவேணும் எண்ட சர்வதேச சமவாயம் அதே வருசம் செப்டெம்பரில உருவானது இதாலதான்.

கற்பிட்டியும் மன்னாரும் அந்தத் தூரத்தின் நாலில ஒரு பங்கு. யாழ்ப்பாணத்துக்கு வடக்கே கல்பாக்கமும் ஏறத்தாழ 300 கிலோமீற்றர்தான். 2012 இல அப்போதைய மின்சக்தி அமைச்சர் சம்பிக்க ரணவக்க தென்னிந்திய அணுஉலைகளைப் பற்றிக் கவலை வெளியிட்டு, சர்வதேச அணுசக்தி முகவரகத்தில எழுப்பப் போவதாகச் சொன்னார். பிறகு இரு நாட்டு அதிகாரிகளும் பேசினார்கள். 2015 பெப்ரவரி 16 அன்று, மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாகி முதல் முதலா டெல்லி போன நேரம், இந்தியாவும் இலங்கையும் சிவில் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில கைச்சாத்திட்டன. அணுப் பாதுகாப்பு, கதிரியக்கக் கழிவு, அனர்த்தத் தணிப்பு எல்லாம் அதுக்குள்ள வருது.

காகிதத்தில நல்ல விசயம்தான். ஆனால் இந்தப் பேச்சு கொழும்புக்கும் டெல்லிக்கும் இடையில நடந்தது. கடலில வலை போடுற பேசாலைக்காரரும் சிலாவத்துறைக்காரரும் கற்பிட்டிக்காரரும் அதில எங்க இருந்தார்கள்? அங்க இடிந்தகரையை ஒதுக்கின அதே பழக்கம்தான் இங்கயும். இரண்டு கரையிலயும் கடலை நம்பிச் சீவிக்கிறவனுக்குத்தான் கடைசியாச் சொல்லுவினம்.

இதை இந்திய அரசின் குணம் எண்டு மட்டும் பார்த்தால் எங்களை நாங்களே ஏமாத்திக்கொள்ளுவம். சுன்னாகத்தில கிணத்துத் தண்ணீரில எண்ணெய் கலந்த கதை எங்களுக்குத் தெரியும். ஒரு அறிக்கை ஆபத்து எண்டது, இன்னொரு அறிக்கை ஆபத்தில்லை எண்டது, நடுவில சனம் போத்தல் தண்ணீர் வாங்கியது. மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்கவேணும் எண்டு எங்கட உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2019 இலதான். ஒரு எண்ணெய் மின்நிலையத்துக்கே இந்த நிலை. இப்ப இலங்கையும் அணுமின்சாரம் பற்றி யோசிக்குது. 2022 ஏப்ரலில முகவரகத்தின் குழு ஒன்று வந்து எங்கட நாட்டின் ஆயத்தங்களை மதிப்பிட்டது. சனத்தில எத்தனை பேருக்கு அது தெரியும்?

அதால எங்களுக்கு முன்னால இருக்கிற வேலை, அணுவை ஆதரிக்கிறதா எதிர்க்கிறதா எண்டு பட்டிமன்றம் வைக்கிறதுக்கு முதல், இடிந்தகரைப் பெண்கள் கேட்ட கேள்விகளை எங்கட ஊர்ப் பேர் போட்டுக் கேக்கிறது. 2015 ஒப்பந்தத்தின்படி கூடங்குளத்தில ஏதும் நடந்தால் எத்தனை மணித்தியாலத்தில எங்களுக்கு அறிவிப்பினம்? அந்தச் செய்தி மன்னார் மாவட்டச் செயலகத்துக்கு எப்ப வந்து சேரும், எந்த மொழியில வரும்? கடலுக்குள்ள நிக்கிற படகுகளுக்கு ஆர் சொல்லுவினம்? மீனும் பாலும் மரக்கறியும் பரிசோதிக்க வடக்கில எங்க வசதி இருக்கு? இதில ஒண்டும் இரகசியமா இருக்கவேண்டிய விசயம் இல்லை. 2016 இலிருந்து எங்கட நாட்டில தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. ஒரு விண்ணப்பம் எழுத அரை மணித்தியாலம் காணும்.

இடிந்தகரைச் சனம் உலையை நிப்பாட்டேல்ல. ஆனால் ஒரு நாட்டின் பிரதமரையும் முன்னாள் ஜனாதிபதியையும் உச்ச நீதிமன்றத்தையும் தங்களுக்குப் பதில் சொல்ல வைச்சது. நாங்கள் இன்னும் ஒரு கடிதம்கூட எழுதேல்ல.